மரக்கறி விரதமும் தியானமும்

கந்தசஷ்டி வந்தால் நம்ம லயங்களில் பலபேர் 6 நாளும் கருவாட்டை ஒதுக்கி, பிரட்டுக்கு முன்னே தியானத்திலும் உட்காருகிறோம். நல்லதுதான். ஆனால் எழும்பும்போது தலை சுற்றுதா? தியானம் கைகூடிவிட்டது என்று எண்ணிவிடாதீங்க; இரத்தச் சோகையாக இருக்கலாம். மரக்கறியிலுள்ள இரும்புச்சத்து, மீன் இறைச்சியில் உள்ளதைப்போல் உடம்பில் எளிதில் சேராது. ரொட்டியோடு பிளேன்டீயும் குடித்தால், தேயிலையின் துவர்ப்பு அந்தக் கொஞ்சத்தையும் தடுத்துவிடும். நாம் எடுக்கிற கொழுந்துதான், என்ன செய்வது! சாப்பிட்டு 1 மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடிப்போம். கௌப்பி, பருப்பு, கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வருடம் முழுக்க மரக்கறி என்றால் பாலோ தயிரோ அவசியம். விட்டமின் பி12 மரக்கறியில் இல்லை. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையை விரத நாளிலும் நிறுத்தக்கூடாது. தேத்தண்ணியோடு விழுங்கவும் வேண்டாம்.