நாய் ஏன் ஊளையிடுகிறது?

நள்ளிரவில் நாய் ஊளையிட்டால், யாருக்கோ கேடு வருகிறதென்று அஞ்சிக் கல்லெறிவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வொலியின் காரணத்தை அறிந்தால் அச்சம் அகலும். கல்லெடுக்கவும் கை எழாது.

நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாய்கள் பிரிந்த கூட்டத்தை அழைக்கவும், தாம் இருக்குமிடத்தை அறிவிக்கவும் ஊளையிடுகின்றன. நாயிடமும் அவ்வியல்பு எஞ்சியுள்ளது. தனிமை, வலி, இணைதேடும் பருவம், பிற நாய்களின் குரல், ஆம்புலன்ஸின் ஒலி ஆகியவை அதனைத் தூண்டும். நம் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் செவியோ 45,000 வரை கேட்கும். ஆதலின் நமக்குக் கேளாத ஒலிக்கும் அது மறுகுரல் கொடுக்கலாம்.

ஊளையைக் குறைக்கும் வழிகள்:

1. வளர்ப்பு நாய் புதிதாக ஊளையிடத் தொடங்கினால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

2. தனிமையே காரணமாயின், சில நிமிடங்கள் பிரிந்து மீண்டு, அந்நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக்கலாம். நாள்தோறும் உலவ அழைத்துச் செல்வதும் நன்று.

3. நம் கவனத்தை ஈர்க்க ஊளையிடும் நாய்க்கு அதட்டலும் கவனமே. அது அமைதியுற்ற பின்னரே தடவிக்கொடுத்து, தின்பண்டம் அளிக்க வேண்டும்.

4. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்தால் இணைதேடும் பருவத்து ஊளை குறையும்.

அடித்தால் அச்சம் மிகும், ஊளையும் மிகலாம். மேலும், விலங்குகளை அடித்துத் துன்புறுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இனி ஊளை கேட்கும் இரவில் விளக்குடன் சென்று, சற்றே தள்ளி நின்று, அவ்வுயிர்க்கு என்ன நேர்ந்ததென்று பார்ப்போம்.