டிரைவர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி: ஒரு பழைய பிசி கத்துக்கொடுத்த பாடம்

செங்கல்பட்டு ஹாஸ்டல் ரூம்ல மத்தியானம் முழுக்க ஓடுச்சு. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, மாமல்லபுரத்துல எங்க வீட்டுக்குக் கொண்டுபோனா, சாயங்காலம் கேம் ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம் நீலத் திரை. அதே பிசி, அதே கேம், அதே டிரைவர். இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைத் தேடிப் போன கதை. ரெட்ரோ பிசி கட்டுற எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும், அதனால படிப்படியா எழுதுறேன்.

பிசி எங்க அண்ணனோடது, 2004-ல வாங்குனது. பென்டியம் 4, ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 ஏஜிபி கார்டு, விண்டோஸ் எக்ஸ்பி. அவர் படிப்பு முடிஞ்சதும் வீட்டுப் பரண்ல ஏறுனது, போன வருஷம்தான் நான் இறக்குனேன்.

படி 0: முதல்ல காப்பி எடுங்க

இதை நான் கடைசியில்தான் செஞ்சேன், தப்பு. ஒவ்வொரு தடவை ஹேங் ஆகும்போதும் பவர் பட்டனை அழுத்தி அணைச்சேன். எழுதிக்கிட்டு இருக்குற பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படி அணைச்சா ஃபைல் சிஸ்டமே கெட்டுப்போகலாம். அந்த டிஸ்க்ல 2004 நவம்பர்ல அண்ணன் எடுத்த எங்க தெரு போட்டோக்கள் இருந்துச்சு. தாத்தாவோட படகும் அதுல இருக்கு. அடுத்த மாசம் 26-ம் தேதி சுனாமி. வேற எங்கயும் அந்தப் படங்கள் இல்ல. டிஸ்க்கைக் கழட்டி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் போட்டு, லேப்டாப்புக்கு காப்பி பண்ணிட்டு அப்புறம் விளையாடுங்க.

படி 1: பிழைச் செய்தி உண்மையில் என்ன சொல்லுது?

எனக்கு வந்த ஸ்டாப் கோடு ‘ஈஏ’ன்னு முடியும். அதோட பேரைத் தமிழ்ல சொன்னா, ‘டிரைவருக்குள்ள ஒரு திரெட் மாட்டிக்கிச்சு’. கீழே என்விடியா டிரைவர் ஃபைல் பேரும் வரும். உடனே நாம டிரைவரைத் திட்டுவோம். ஆனா உள்ளே நடக்குறது இதுதான்: டிரைவர் கார்டுக்கு ஒரு வேலை கொடுத்துட்டு, ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ன்னு ஒரு லூப்ல கேட்டுக்கிட்டே நிக்குது. கார்டு பதிலே சொல்லல. பதில் வராத கடிதத்துக்குத் தபால்காரரைத் திட்டுற மாதிரிதான் இது.

விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ், 2 நொடி பார்த்துட்டு கார்டை ரீசெட் பண்ணிடும். எக்ஸ்பி-ல அந்த வசதி இல்ல. அதனாலதான் நேரா நீலத் திரை.

ஆக, செய்தியில் இருக்குற பேரு பிரச்சினையை யார் பார்த்தாங்கன்னு சொல்லுது. யார் செஞ்சாங்கன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.

படி 2: எப்போ விழுதுன்னு எழுதி வைங்க

ஒரு பேப்பர் எடுத்து நேரம், என்ன ஓடுச்சு, எத்தனை நிமிஷத்துல விழுந்துச்சுன்னு குறிங்க.

- பயாஸ் திரையிலேயே கோடு, புள்ளி தெரிஞ்சா டிரைவர் குற்றவாளி இல்ல. அது இன்னும் லோடே ஆகல.
- சேஃப் மோடுல என்விடியா டிரைவர் ஓடாது, சாதாரண விஜிஏ டிரைவர்தான் ஓடும். அங்கேயும் விழுந்தா ரேம், பவர், போர்டு பக்கம் பாருங்க.
- டெஸ்க்டாப்ல நல்லா இருந்து 3டி-யில மட்டும் விழுந்தா டிரைவர், ஏஜிபி, சூடு, பவர் நாலுமே சந்தேக லிஸ்ட்ல இருக்கு. என் கேஸ் இதுதான்.

படி 3: டிரைவரை ஒரு தடவை ஒழுங்கா போடுங்க

பழைய டிரைவரை நீக்குங்க. முதல்ல மதர்போர்டு சிப்செட் டிரைவர், அப்புறம் டைரக்ட்எக்ஸ் 9.0சி, கடைசியா கிராஃபிக்ஸ் டிரைவர். சிப்செட் டிரைவர் இல்லாம ஏஜிபி சரியா வேலை செய்யாது. வியா சிப்செட் போர்டுகள்ல இது ரொம்ப முக்கியம். ‘இருக்குறதுலயே புதுசு’ன்னு தேடாதீங்க, உங்க கார்டை ஆதரிக்குற பதிப்பைப் பாருங்க. விண்டோஸ் 98-க்கு என்விடியா அதிகாரபூர்வமா கொடுத்த கடைசி டிரைவர் 81.98.

நான் மூணு பதிப்பு மாத்திப் பார்த்தேன். மூணுலயும் மாமல்லபுரத்துல விழுந்துச்சு. டிரைவர் லிஸ்ட்டை விட்டு வெளிய போயிடுச்சு.

படி 4: பவர்

மல்டிமீட்டரை எடுத்து, கேம் ஓடும்போதே நாலு பின் கனெக்டர்ல அளங்க. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட். 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம்: அதாவது 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை. மதர்போர்டு கெபாசிட்டர்களோட தலை உப்பியிருக்கான்னும் பாருங்க. 2000-களோட தொடக்கத்துல தரமில்லாத எலக்ட்ரோலைட்டால உலகம் முழுக்க அப்படிக் கெட்டுப்போன போர்டுகள் ஏராளம். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும். எனக்கு வோல்டேஜ் சரியா இருந்துச்சு, கெபாசிட்டரும் தட்டையா இருந்துச்சு.

படி 5: வேகத்தைக் குறைச்சுப் பாருங்க

பயாஸ்ல ஏஜிபி 8எக்ஸ்-ஐ 4எக்ஸ் ஆக்குனேன். அன்னைக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் விழவே இல்ல! 8எக்ஸ்-ல ஒவ்வொரு டேட்டா லைனும் நொடிக்கு 53 கோடி தடவை மாறும், 4எக்ஸ்-ல அதுல பாதி. மெதுவா பேசுனா புரியுது, வேகமா பேசுனா புரியலைன்னா, சந்தேகம் பாதை மேல போகணும். கார்டையும் ஸ்லாட்டையும் சேர்க்குற அந்தத் தங்க நிறப் பட்டைகள்!

படி 6: உப்பு

கார்டைக் கழட்டி டார்ச் அடிச்சா, பட்டைகள் மேல வெள்ளையா ஒரு படலம். பரண்ல பல வருஷம் கடல் காத்து. சாதாரண உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுனா தண்ணியை இழுத்துத் தானே கரையும். மத்தியான ஹாஸ்டல் ரூம்ல காய்ஞ்சு கிடந்த உப்பு, சாயங்காலக் கடல் காத்துல ஈரமாகியிருக்கணும். ஈர உப்பு மின்சாரம் கடத்தும். எங்க ஊர் கடற்கரைக் கோயில் கல்லுல ஏறுற உப்பை எடுக்கவே தொல்லியல் துறை காகிதக் கூழ் பூசி உறிஞ்சுறாங்க. கல்லுக்கே அந்தக் கதின்னா கார்டு எம்மாத்திரம்?

பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டு உடம்புல இருக்குற ஸ்டாட்டிக்கை இறக்கிட்டு, பட்டைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியால துடைச்சேன். விடாத கறையை மட்டும் பென்சில் ரப்பரால மெதுவா. ஸ்லாட்டை ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால சுத்தம் பண்ணி நல்லா காய விட்டேன். வேற எதையும் தொடல. ரெண்டு விஷயத்தை ஒண்ணா மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிடும்.

திரும்ப 8எக்ஸ் வெச்சு, மூணு நாள் சாயங்காலம், அதே வீட்டுல, அதே கேம். விழல.

இதுக்கு நடுவுல ‘கார்டு செத்துப்போச்சு’ன்னு முடிவு பண்ணி, வேற கார்டுக்கு 1,500 ரூபாய் கொடுக்கப் போயிட்டேன். கொடுத்திருந்தா, நல்ல கார்டு குப்பைக்குப் போயிருக்கும். புதுசும் அதே உப்பு பிடிச்ச ஸ்லாட்லதான் உக்காந்திருக்கும்.

பிசி இப்போ பரண்ல இல்ல, ஹால்ல மூடி போட்டு இருக்கு. கார்டு ஸ்லாட் பக்கத்துல சிலிகா ஜெல் பை ரெண்டு வெச்சிருக்கேன். போட்டோக்கள் மூணு இடத்துல இருக்கு. பொங்கலுக்கு வந்தப்போ அண்ணன் கேம் திறக்கல, முதல்ல அந்த ஃபோல்டரைத்தான் திறந்தார்.