பழைய டிரைவைத் துடைக்காதே

தம்பிக்கு,

நீ எழுதி அனுப்பிய 14 பக்கக் கையேட்டை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். வீட்டு அன்ரெய்ட் சர்வரில் 8 டெராபைட் பாரிட்டி டிரைவை எடுத்துவிட்டு 16 டெராபைட் போட்டதை ஒரு படி விடாமல் எழுதியிருக்கிறாய். பாரிட்டி டிரைவ் மற்ற டிரைவ்களைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது, எக்ஸ்-ஆர் கணக்கு எப்படி வேலை செய்கிறது, இதெல்லாம் உனக்கும் எனக்கும் பாலபாடம். அந்தப் பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன். 9-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

புது டிரைவைப் பாரிட்டி இடத்தில் போட்டு அரேயை ஸ்டார்ட் செய்யச் சொல்கிறாய். சரி. அடுத்த வரியிலேயே, அது சிங்க் ஆகிக்கொண்டிருக்கும்போதே பழைய 8 டெராபைட்டுக்கு ப்ரீக்ளியர் போட்டு முழுக்கத் துடைத்துவிடலாம், நேரம் மிச்சம் என்கிறாய்.

நேரம் மிச்சம்! எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மேலே படித்தேன்.

அந்த நேரத்தில் உன் சர்வர் என்ன நிலையில் இருக்கிறது என்று யோசித்துப் பார். 16 டெராபைட்டை நொடிக்குச் சராசரி 160 மெகாபைட் வேகத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 28 மணி நேரம். அதில் முதல் 8 டெராபைட் வரைக்கும் உன்னுடைய எல்லா டேட்டா டிஸ்க்குகளும் ஒரு நிமிஷம் ஓயாமல் படிக்கப்படும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத மூலையெல்லாம் அன்றைக்குத்தான் தொடப்படும். இளைத்துக் கிடக்கும் டிஸ்க் படுப்பதென்றால் அன்றைக்குத்தான் படுக்கும். புதுப் பாரிட்டி பாதிகூட எழுதி முடிந்திருக்காது. அரேயை நிறுத்திய அந்த நிமிஷம்வரை முழுசாக இருந்த ஒரே பாரிட்டி பழைய டிரைவில்தான் இருக்கிறது. அதில்தான் நீ பூஜ்யமாக எழுதித் தள்ளிக்கொண்டிருக்கிறாய்.

அதைத் தொடாமல் வைத்திருந்தால் திரும்பி வர வழி உண்டு. பழையதை மறுபடி மாட்டி, நியூ கான்ஃபிக் கொடுத்து, 'பாரிட்டி ஏற்கெனவே சரியாக இருக்கிறது' என்ற கட்டத்தில் டிக் அடித்து, படுத்துப்போன டிஸ்க்கை மீட்கலாம். இடையில் டேட்டா டிஸ்க்குகளில் எதுவும் எழுதியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். டிஸ்க்கை மவுன்ட் செய்தாலே நாலு பைட்டாவது மாறும். அதனால்தான் மெயின்டனன்ஸ் மோடில் வைத்து சிங்க்கை ஓட்டு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் வீட்டில் படம் பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. உன் கையேட்டில் மெயின்டனன்ஸ் மோட் என்ற வார்த்தையே இல்லை.

நான் இவ்வளவு படபடப்பதற்குக் காரணம் 2014. அப்போது எனக்குக் கல்யாண வீடியோதான் பிழைப்பு. மினி டிவி (MiniDV) கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பேன். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 2 டெராபைட் டிரைவ்கள் ஐந்து, அன்ரெய்ட் 5, எல்லா டிஸ்க்கிலும் ரெய்சர் எஃப்எஸ். இரட்டைப் பாரிட்டியெல்லாம் 2016-ல் 6.2 பதிப்போடுதான் வந்தது. எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை 4 டெராபைட்டாக மாற்றினேன். பழையதை உடனே பக்கத்துக் கம்ப்யூட்டரில் செருகி ப்ரீக்ளியர் போட்டேன். நீ எழுதியிருக்கும் அதே காரணம்தான்.

மறுநாள் விடியற்காலையில் நாலாவது டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. சிங்க் அரைவாசியைக்கூடத் தொடவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பழைய பாரிட்டியில் முக்கால்வாசி பூஜ்யம்.

அன்ரெய்டில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி என்பதால் மற்றவை தப்பின. போன டிஸ்க்கில் மட்டும் நூறு மணி நேரத்துக்கு மேல் படம் இருந்தது. கேசட் வைத்திருந்தவர்களிடம் திரும்ப வாங்கி ஏற்றினேன். சில கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தங்கை கல்யாணத்தில் அவருடைய அப்பா மைக்கைப் பிடித்துப் பேசியது அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்ததாம். அப்பா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. "வேற எங்கயாவது காப்பி இருக்காண்ணா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? பாரிட்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் வேறு காப்பியே எடுத்து வைக்கவில்லை.

அதனால்தான் உன் 2-ஆம் பக்கம் எனக்கு உறுத்துகிறது. பாரிட்டியைக் 'காப்பு நகல்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அது நகலே இல்லை. அந்த டிரைவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு போட்டோகூடத் தேறாது. ஒரு ஃபைலை நீ தவறி அழித்தால் பாரிட்டியும் அந்த நொடியே அழித்த கணக்குக்கு மாறிவிடும். தமிழ் வார்த்தை வேண்டும் என்ற உன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் படிக்கிறவன் அந்த வார்த்தையை நம்பி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான். பாரிட்டி என்றே எழுது. காப்பு நகல் என்பது வேறு பெட்டியில், முடிந்தால் வேறு வீட்டில் இருப்பது.

இன்னொன்று, சீரியல் நம்பர். இதை நான் சொல்லாத ஆளே கிடையாது, நீயும் கேட்டுக்கொள். மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ரூல்டு நோட்டில் டிஸ்க் 1, டிஸ்க் 2 என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தை எழுது. அதே நாலு எழுத்தை மாஸ்கிங் டேப்பில் எழுதி டிரைவின் முன் பக்கம் ஒட்டு. ஸ்க்ரீன்ஷாட் போதும் என்கிறாய். அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எங்கே வைத்திருக்கிறாய், அதே சர்வரிலா? ஒரே மாடல் டிரைவ் ஐந்து அடுக்கில் இருக்கும்போது, மாலை ஆறு மணிக்கு மேல் மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டு எது பாரிட்டி என்று தேடிப் பார். அப்போது தெரியும் அந்த டேப்பின் அருமை. ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 5, 197, 199 மூன்றையும் அதே நோட்டில் குறித்து வை. ஒரு டிரைவைக் கழற்றும்போது கை பட்டுப் பக்கத்து சாட்டா கேபிள் தளரும். மறுநாள் 199 ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதே, கேபிளைப் பார். 197-ல் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் பாரிட்டியை மாற்றும் வேலையைத் தள்ளிவை; முதலில் அந்த டிஸ்க்கைக் கவனி.

இத்தனையும் சொன்ன பிறகு உன் 11-ஆம் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் பாரிட்டிக்கு டிஸ்க் வரிசை மாறினாலும் பாதகமில்லை, இரண்டாவது பாரிட்டி ஒவ்வொரு டிஸ்க்கின் இட எண்ணையும் கணக்கில் சேர்ப்பதால் வரிசை மாறினால் செல்லாது என்பதை எட்டே வரியில் எழுதிவிட்டாய். பந்தியில் இலைக்கு இலை பரிமாறும் கணக்கோடு அதை ஒப்பிட்ட இடத்தில் எனக்குக் கைதட்டத் தோன்றியது. இதைத் தமிழில் இவ்வளவு தெளிவாக நான் படித்ததே இல்லை. என்னாலும் இப்படி எழுத முடியாது. அதற்கடுத்து, டேட்டா டிஸ்க் படுத்து, கையில் இருக்கும் புது டிரைவ் பாரிட்டியைவிடப் பெரிதாக இருந்தால் பாரிட்டி ஸ்வாப் செய்வது எப்படி என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். பழைய பாரிட்டி முதலில் புது டிரைவுக்கு அப்படியே காப்பி ஆகி, அதற்குப் பிறகுதான் டேட்டா டிஸ்க் வேலைக்குப் போகும் என்பதைச் சரியான வரிசையில் சொல்லியிருக்கிறாய். அந்த இரண்டு பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

அந்தப் பக்கங்களை எழுதத் தெரிந்தவன் 9-ஆம் பக்கத்தில் ஏன் அவசரப்பட்டான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்று எழுதியிருப்பதையும் எடுத்துவிடு. கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் பல கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். சிங்க் நடுவில் அறுந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். யூபிஎஸ் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போடுவார்களே, அந்த நாளைப் பார்த்துவிட்டுத்தான் நான் சிங்க்கை ஆரம்பிப்பேன். கையேட்டில் இதையும் ஒரு வரி சேர். உன் ஊரில் படிக்கிறவனுக்கு உதவும்.

உன் 8 டெராபைட் துடைபட்டுப் போயிருக்கும், அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புதுப் பாரிட்டியைச் சரிபார்த்ததாக நீ எங்கேயும் எழுதவில்லை. திருத்தம் எழுதாத செக் ஒன்று இன்றைக்கே ஓட்டு. முடிந்ததும் எரர் எத்தனை என்று எனக்கு எழுது. பூஜ்யம் என்று வந்தால் 9-ஆம் பக்கத்தைத் திருத்தி அனுப்பு, என் செலவில் 100 பிரதி அச்சடித்துத் தருகிறேன். ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த 8 டெராபைட்டை அரேயில் சேர்க்காமல் எனக்கு போன் செய். எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அண்ணன்