கார்டுக்கு ஏற்ற பவர் சப்ளை

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் மாத்தளையிலும் ரத்தோட்டை, உக்குவெலப் பக்கங்களிலும் வந்துவிட்டது. நல்ல விடயம். ஆனால் கடையில் பவர் சப்ளை தெரிவாகும் விதம் மனதை வருத்துகிறது. "கேசிங்கோடு வருவதே போதும்" என்று தகப்பன் சொல்வார். யூடியூபில் கண்ட 850 வாட் கோல்ட்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும்.

தகப்பனின் தெரிவு ஏன் பிழை என்பதை லேபிளே சொல்லிவிடும். மேலே 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், 12 வோல்ட்டுக்கு நேரே 18 அம்பியர் என்றிருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கும் புரொசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்தான். பின்புறம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. அதைத் தொடவே வேண்டாம்.

பிள்ளையின் தெரிவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் தடுப்பதில்லை. இங்கே மாணவர்கள் வாங்கக்கூடிய கார்டுகளைப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1650 எடுப்பது 75 வாட். மதர்போர்டின் ஸ்லொட்டே அவ்வளவையும் கொடுத்துவிடும். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115, ஆர்எக்ஸ் 6600க்கு 132, ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170. ஸ்லொட் கொடுப்பதற்கு மேலாக எட்டு முள் இணைப்பு ஒன்றே 150 வாட் தரும். இந்த நான்கில் எதற்குமே 550 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளையை என்விடியாவோ ஏஎம்டியோ கேட்கவில்லை. பிறகு 850 எதற்கு?

கோல்ட் முத்திரைக்கும் இதே கேள்விதான். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் திட்டம் அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை. பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது அந்தச் சோதனையில் இல்லை. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் வீணாகாமல் கிடைக்க வேண்டியது கோல்டுக்கு 90 வீதம், அதற்குக் கீழான புரொன்ஸுக்கு 85 வீதம். 250 வாட் எடுக்கும் கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் சுமார் 16 வாட். நாளுக்கு நாலு மணித்தியாலம் விளையாடினாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட் மிச்சம். கொடுத்த மேலதிகக் காசு எப்போது திரும்பி வரும்?

கோல்ட் முத்திரை பாதுகாப்புக்கும் உத்தரவாதமல்ல. 2021இல் கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு பவர் சப்ளைகளும் சோதனைகளில் வெடித்தன. இரண்டும் கோல்ட். கார்ட் தட்டுப்பாட்டுக் காலத்தில் அமெரிக்காவின் நியூஎக் கடை இவற்றைக் கார்டோடு சேர்த்தே விற்றிருந்தது. மிகைச்சுமை எல்லையைக் குறைத்து, பழையவற்றை மாற்றித்தர கிகாபைட் முன்வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆர்டிஎக்ஸ் 4070 போன்ற கார்டுகளுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. கணப்பொழுதில் எகிறும் மின்தேவையைத் தாங்க, 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் 650 அல்லது 750 வாட் எடுங்கள்.

மற்றவர்களுக்கு என் தெரிவு, நம்பகமான தயாரிப்பில் ஐந்து வருட வாரண்டியுள்ள 550 வாட் புரொன்ஸ். மிச்சக் காசை வீட்டு எர்த்துக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போடுங்கள். உக்குவெலவிலும் போவத்தென்னவிலும் நீர்மின்சாரம் பிறக்கும் மாவட்டம்தான் நம்முடையது. ஆனாலும் நீண்ட கம்பியின் கடைசியிலுள்ள தோட்ட வீட்டில் மாலையானால் வோல்ட் இறங்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து இடி வரும். எர்த் இல்லாத சுவரில் 850 வாட்டைச் செருகி என்ன பயன்? இடி நெருங்கும் முன்பே பிளக்கைக் கழற்றுவதுதான் முதல் பாதுகாப்பு.

தம்பி, தங்கைமாரே, கார்ட் எதற்கு என்பதை முதலில் உங்களையே கேளுங்கள். சிநேகிதன் வாங்கினான் என்பதும் மாமா மகன் பொறியியல் படிக்கிறான் என்பதும் காரணமாகாது. முப்பரிமாண உருவம் செய்வதில் மனம் ஒன்றுகிறதா, நிரல் எழுதும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறதா என்று பழகிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு மாதங்கள் பிடிக்கும், பிடிக்கட்டும். உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள புரொசஸரை வாங்கினால் அதிலேயே பிளெண்டரும் பைத்தனும் பழகலாம். பவர் சப்ளையை மட்டும் முதல் நாளே 550 வாட்டாக வாங்கி வையுங்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு எந்தக் கார்ட் வேண்டும் என்று நீங்களே கடைக்காரரிடம் சொல்வீர்கள்.