நீர்த்துளியும் மூலக்கூற்றுக் கணக்கும்

இரசாயனச் சேர்க்கையில் பொருள்கள் எண்ணிக்கை விகிதத்தாலேயே கூடுகின்றன. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு என்னும் கணக்கிலேயே நீர் உண்டாகின்றது. தராசு காட்டுவதோ நிறையை மட்டுமே. நிறையினின்று எண்ணிக்கையை அறிதற்கு மோல் என்னும் அளவு உதவுகின்றது.

ஒரு மோலில் அடங்கிய மூலக்கூறுகள் 6.022 × 10²³. இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயரால் வழங்கும் இவ்வெண்ணைப் பிரெஞ்சு அறிஞர் பெர்ரின் பல வழிகளால் அளந்தறிந்தார்; 1926-இல் பௌதிகத்திற்குரிய நோபெல் பரிசும் பெற்றார். 2019 முதல் இது 6.02214076 × 10²³ எனத் திட்டமாக வரையறுக்கப்பட்டுள்ளது.

கிராம் கணக்கிலுள்ள நிறையை மூலக்கூற்றெடையால் வகுப்பின் மோல் தொகை கிடைக்கும். அதனை அவகாட்ரோ எண்ணால் பெருக்கின் மூலக்கூறுகளின் தொகை கிடைக்கும். எண்ணிக்கையினின்று மோலுக்கு மீள்வதாயின் வகுத்தல் வேண்டும்.

0.05 கிராம் நிறையுள்ள நீர்த்துளி ஒன்றைக் கொள்வோம். நீரின் மூலக்கூற்றெடை 18.

0.05 ÷ 18 = 0.00278 மோல்.
0.00278 × 6.022 × 10²³ = 1.67 × 10²¹ மூலக்கூறுகள்.

விநாடிக்கு ஒரு கோடி வீதம் எண்ணினும் இவற்றை எண்ணி முடிக்க ஐம்பது லட்சம் ஆண்டுகட்கு மேலாகும். இம்முறையைக் கற்ற மாணாக்கர்க்கோ ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலுமே போதும்.