மூக்கின் நடுச்சுவர்

மாணவர்களே! ஒகேனக்கல்லில் காவிரியைப் பாறைகள் பல கிளைகளாகப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் இழுக்கும் மூச்சுக் காற்றும் உள்ளே நுழையும்போது இரண்டாகப் பிரிகிறது. அதைப் பிரிப்பது மூக்கின் நடுவே நிற்கும் மெல்லிய சுவர். மூக்குத் தண்டு என்று பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான்.

இச்சுவரின் முன்பகுதி குருத்தெலும்பால் ஆனது. இரு துளைகளுக்கும் நடுவே விரலால் தொட்டு அசைத்துப் பாருங்கள், வளைந்து கொடுக்கிறதல்லவா? பின்பகுதியில் இரண்டு எலும்புகள் உள்ளன. மேலே இருப்பது சல்லடை எலும்பின் செங்குத்துத் தகடு. கீழே இருப்பது 'வோமர்'. இலத்தீனில் இதற்கு ஏர்க் கொழு என்று பொருள், வடிவமும் அப்படித்தான். சுவரின் இரு பக்கங்களையும் ஈரமான சவ்வு போர்த்தியுள்ளது.

இச்சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக அமைந்தவர்கள் குறைவு. சிறு சாய்வினால் தொல்லை இல்லை. பிறவியிலோ, வளர்ச்சியிலோ, அடிபட்டோ மிகுதியாக வளைந்தால் ஒரு பக்கம் குறுகி அடைப்பு உண்டாகும்.

ஓர் எளிய சோதனை செய்வோமா? குளிர்ந்த எவர்சில்வர் தட்டை மூக்கின் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடுங்கள். இரண்டு ஆவித் திட்டுகள் தோன்றும். ஒன்று சிறியதா? அஞ்ச வேண்டாம். சில மணி நேரத்திற்கு ஒரு முறை உட்சதை பக்கம் மாறி வீங்கித் தணிவது இயற்கையே. பல நாள், பல வேளைகளில் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் சிறியதாயின் சுவர் வளைந்திருக்கலாம். மருத்துவர் பார்த்து உறுதி செய்வார்.

மருந்து வீக்கத்தைக் குறைக்கும். வளைந்த சுவரை நிமிர்த்தாது. தொல்லை மிகுந்தால் அறுவை செய்வர். 1904-இல் ஜெர்மனியின் கில்லியன் விவரித்த முறையில் வளைந்த பகுதியைப் பெரிதும் அகற்றினர். இன்று இயன்றவரை காத்து நேராக்குகின்றனர். மூக்கின் வளர்ச்சி முடியும்வரை பெரும்பாலும் காத்திருப்பர்.

காத்திருக்கக் கூடாத வேளையும் ஒன்று உண்டு. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை; மேலே உள்ள உறையிலிருந்தே ஊட்டம் பெறுகிறது. கபடியில் முழங்கை மூக்கில் இடித்து, இவ்விரண்டுக்கும் இடையே இரத்தம் தேங்கினால் ஊட்டம் தடைப்படும். சில நாள்களில் குருத்தெலும்பு அழிந்து மூக்கு குழிந்துவிடும். ஆகவே, அடிபட்டபின் மூக்கு அடைத்து வலி மிகுந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தேங்கிய இரத்தத்தை உரிய காலத்தில் வெளியேற்றினால் மூக்கைக் காப்பாற்றலாம்.