லீவு முடிந்து போனால் நெஞ்சு அடைக்கிறதா?

"இவுகளுக்கு லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னிக்குத்தான் நெஞ்சு அடைக்குதுங்கய்யா. மறுநாள் தேவலை."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கணவரைக் கூட்டி வந்த ஓர் அம்மாள் சொன்னது. கணவருக்கு ராஜபாளையம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில், பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை. சாதாரண இரைப்பு என்று ஆடாதோடைக் கஷாயத்தோடு அனுப்பியிருப்பேன். 'லீவு முடிஞ்சு' என்ற அந்த வார்த்தைதான் என்னை நிறுத்தியது.

பஞ்சுத் தூசியால் வரும் இந்த நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். மேல்நாட்டில் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்பார்கள். மில்லில் ஆளுக்கு ஒரு நாள் வார விடுமுறை என்றால், அது வியாழக்கிழமைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்! பஞ்சோடு வரும் இலைத்தூளும், அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சும் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. முதலில் வாரத்தில் ஒரு நாள். கவனிக்காமல் விட்டால் வாரம் முழுக்க. வருஷங்கள் போனால் நிரந்தர இரைப்பு.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊருக்குச் சோறு போடுவது நூல்தான். அதனால் மில்லுக்குள் வீசும் காற்றைப் பற்றி நம் வீடுகளில் தெரிந்திருக்க வேண்டாமா?

"உள்ளே ஜில்லென்று இருக்கு, ஏ.சி. போலிருக்கு" என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஈரக்காற்று. பெரிய விசிறிகள் காற்றை இழுத்து, பூவாளி போல் தண்ணீர் தெளிக்கும் அறை வழியாக அனுப்பும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே! சித்திரை வெயிலில் வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், தெளிப்பைத் தாண்டிய காற்று 26 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஏ.சி.யை விட மின்செலவு மிகக் குறைவு. நூலும் அறுந்துபோகாது. ஐப்பசி மழையில் மட்டும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. காற்றே நனைந்திருக்கும்போது தண்ணீர் எங்கே ஆவியாகும்?

இந்தக் காற்று மேலிருந்து இறங்கி, மெஷின்களுக்கு அடியிலுள்ள தரைக் கால்வாய் வழியாகத் தூசியோடு திரும்புகிறது. வழியில் ஃபில்டர் தூசியைப் பிடிக்கிறது. என் நோயாளியின் நெஞ்சுக்குக் காவல் இந்த ஃபில்டர்தான். அது அடைத்துக்கொண்டால் விசிறி திணறும், கரண்டும் வீண், தூசியும் ஹாலிலேயே சுற்றும். சுத்தம் செய்தால் முதலாளிக்கும் லாபம், தொழிலாளிக்கும் லாபம்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். குளிர்ந்த வேளையில், தூசியை அளந்து பார்த்துக் குறைத்தால் நல்ல சிக்கனம். கரண்ட் பில்லை மட்டும் பார்த்துக் குறைத்தால், மிச்சமான பணம் மருந்துக் கடைக்குத்தான் போகும். மெஷினில் படிந்த பஞ்சைக் காற்றுக்குழாயால் ஊதி விரட்டும் பழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊதினால் தூசி எங்கே போகும்? உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் சின்ன விசைத்தறிக் கூடங்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு கட்டுபடியாகாது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்தாலே தூசி குறையும். மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசியை நிறுத்தாது; என்95 முகக்கவசம் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது விடுமுறைக்கு மறுநாள் நெஞ்சு இறுகினால், ஒரு மாசத்துக்குக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் எந்தப் பிரிவில் வேலை என்று சொல்லி, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை அந்த நாளில் வேலைக்கு முன்னும் பின்னும் செய்யக் கேளுங்கள். இது சட்டம் ஏற்ற தொழில்நோய். நஷ்டஈட்டுக்கு அந்தச் சீட்டுகள் உதவும். சித்த மருந்து சாப்பிடுகிறோம் என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். நானும் அந்தக் கணவருக்கு முதலில் எழுதிக் கொடுத்தது மருந்து அல்ல. தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம்தான்.